கைபடாத கழுத்து

குமாரபாளையத்தில் யாருக்காவது கழுத்துப் பிடித்துக்கொண்டால், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கக்கூட முழு உடம்போடு திரும்ப வேண்டிய நிலை வந்தால், "உஷாராணி ஊட்டுக்குப் போ" என்றுதான் சொல்வார்கள். தறி நிறைந்த ஊரில் கழுத்து வலிக்கா பஞ்சம்? பாவு பிணைக்கிறவன் பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறான். தறி ஓட்டுகிறவன் அறுந்த இழையைத் தேடிக் குனிகிறான். துணி மடிப்பவளும் குனிகிறாள், வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவவும் குனிகிறாள். இந்த ஊரில் நிமிர்ந்து நடப்பவர்கள் தறி முதலாளிகள்தான் என்று பார்த்தால், அவர்களும் இப்போது போனைப் பார்த்துக் குனிந்துவிட்டார்கள்.

உஷாராணி வைத்தியம் படித்தவள் இல்லை. அவள் வீட்டுக்காரர் மயில்சாமி ஒரு பட்டறையில் தறி ஓட்டினார். அவள் அதே பட்டறையில் தார் சுற்றினாள், அதாவது ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் ஏற்றிக் கொடுக்கிற வேலை. வைத்தியத்துக்கு அவளிடம் இருந்த ஒரே தகுதி, அவள் இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பது. இரட்டை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. படிக்க வேண்டாம், பழக வேண்டாம். ஒரே வயிற்றில் இரண்டைச் சுமந்தால் போதும், கைக்குப் பட்டம் வந்துவிடும். அதற்குக் கூலி வாங்கக்கூடாது என்பதும் அந்த நம்பிக்கையோடு சேர்ந்தது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. உஷாராணி சுமந்தது ஒன்றைத்தான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் தலைப்பிரசவத்துக்காக ராசிபுரம் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டில் ஏற்கனவே ஒரு வயிறு ஒளிந்துகொண்டிருந்தது. அவள் தங்கை சாந்தாமணி. பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஒரு நூல்மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவள், ஐந்தாம் மாதத்தில் திரும்பி வந்திருந்தாள். யார் என்று கேட்டு அம்மா அடித்த அடியில் முதுகு பிய்ந்ததே தவிர வாய் திறக்கவில்லை. உஷாராணிக்கு ஆஸ்பத்திரியில் பெண் பிறந்த ஒன்பதாம் நாள் சாந்தாமணிக்கு வலி எடுத்தது. வெளியே கொண்டுபோனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே பார்த்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. காலையில் வலி எடுத்தவள் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். ஊரும் நம்பியது, அல்லது நம்பியது போல இருந்துவிட்டது.

குழந்தையை எங்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா பேச ஆரம்பித்தபோது உஷாராணி அதைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அது குடித்தது. துக்கத்துக்கு வந்திருந்த மயில்சாமி வாசலில் நின்றபடி அதைப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. தறிச் சத்தத்துக்குள் வருடக்கணக்கில் நின்றவர்கள் யாரும் அதிகம் பேசுவதில்லை.

"ரெட்டைன்னு சொல்லிட்டாப் போவுது" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர்கள் மறைத்தார்கள். மயில்சாமியின் அம்மா அத்தாயிக்கு அப்போது கால் வீங்கிக் கிடந்ததால் அவள் குழந்தை பார்க்க வரவில்லை, மகன் வந்து சொன்னதுதான் அவளுக்குச் சேதி. அதனால் மூன்றாம் மாதம் உஷாராணி குமாரபாளையத்தில் வந்து இறங்கியபோது அவள் இடுப்பில் ஒன்றும் புருசன் தோளில் ஒன்றுமாக இரண்டு இருந்தன. ஒன்பது நாள் வித்தியாசம் மூன்றாம் மாதத்தில் யார் கண்ணுக்குத் தெரியும்? வயிற்றில் பிறந்தது சௌந்தர்யா. சாந்தாமணி விட்டுப்போனது தேவிப்ரியா. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் ஒரே தேதியை எழுதினார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

அது முடியவில்லை என்பது வந்து இறங்கிய அன்றே தெரிந்தது. ஆரத்தி எடுத்த அத்தாயி கழுத்தைச் சாய்த்தபடியே எடுத்தாள். இரண்டு நாளாகப் பிடித்திருக்கிறதாம். தட்டைக் கீழே வைத்ததும் மருமகள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ரெட்டைப் புள்ள பெத்தவ ஊட்டுலயே இருக்கறா, நான் எதுக்குக் கழுத்தத் தூக்கிட்டு ஊர் சுத்தோணும்? வா சாமி, வழிச்சு உடு."

உஷாராணி புருசனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குச் சொல்ல ஒரே ஒரு பதில்தான் உண்டு. விளக்கெண்ணெயைத் தொட்டு, காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரை மூன்று தடவை வழித்தாள். மறுநாள் காலை அத்தாயியின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. யார் தொட்டாலும் தொடாவிட்டாலும் மூன்றாம் நாள் அது திரும்பித்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் அத்தாயிக்கு வாய் இருந்தது. குழாயடியில் இருந்து பத்திரம் எழுதுகிற கடை வரை சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அப்படித்தான் உஷாராணி சுளுக்கு வழிக்கிறவள் ஆனாள். காலையில் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். வாசலுக்கு உள்ளே ஒரு பலகை. வருகிறவர் உட்கார வேண்டும், எண்ணெய் தொட்டு மூன்று தடவை, மூன்று நாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே இரட்டை பெற்றவளாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு நல்ல கைக்காரி ஆகியிருக்க மாட்டாள். தனக்குக் கை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கழுத்தையும் பயந்து பயந்து தொட்டாள். எங்கே நரம்பு முடிச்சிட்டிருக்கிறது, எங்கே தொட்டால் ஆள் மூச்சைப் பிடிக்கிறார், எந்த வலி தோளில் இருந்து வருகிறது, எது தலைக்குள்ளிருந்து வருகிறது என்று விரலால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கழுத்தைப் பிடித்துத் திருப்பியதே இல்லை. சவரக்கடையில் தலையைப் பிடித்து 'மடக்' என்று நெட்டி எடுப்பது போல எடுத்துவிடச் சொல்லிப் பலர் கெஞ்சியிருக்கிறார்கள். கை இல்லாதவள் கழுத்தைத் திருப்பலாமா என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வாள். வெளியே, "அதெல்லாம் எங்கிட்ட வேண்டாமுங்க" என்பாள்.

காய்ச்சலோடு வந்தால் தொட மாட்டாள். கை மரத்துப்போகிறது என்றால் தொட மாட்டாள். பட்டறை முதலாளி சுவாமிநாதன் ஒரு தடவை பொறுக்க முடியாத தலைவலியோடு வந்து உட்கார்ந்தார். காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். உஷாராணி எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். இது என் கைக்கு அடங்காது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று பிடிவாதமாக அனுப்பினாள். மூளையில் ரத்தக் கசிவு. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம். அதிலிருந்து சுவாமிநாதன் அவளைக் கண்டால் எழுந்து நிற்பார். அவளுக்கு அது உடம்பெல்லாம் கூசும்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். இரட்டை என்றால் ஒரே அச்சாக இருக்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு ஊரே பதில் சொன்னது. ஒன்று அப்பன் சாடை, ஒன்று ஆத்தா சாடை. ஆத்தா சாடை என்று ஊர் காட்டியது தேவிப்ரியாவை. அதே நெற்றி, அதே தூக்கின பல், கோபம் வந்தால் அதே மூக்கு. பெற்ற மகள் புருசனைக் கொண்டு பிறந்திருந்தாள், பெறாத மகள் உஷாராணியை உரித்து வைத்திருந்தாள். அவளுக்குத் தேவிப்ரியா மேல்தான் ஒரு பிடி பாசம் அதிகம். அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, அது உண்மை. இரண்டும் அழுதால் முதலில் பால் கொடுத்தது அவளுக்கு. முதலில் சோறு போட்டது அவளுக்கு. தீபாவளித் துணியில் முதலில் எடுக்கச் சொன்னதும் அவளைத்தான். சௌந்தர்யா இதற்காக எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

ஒன்றே ஒன்றை மட்டும் உஷாராணி செய்யவில்லை. தேவிப்ரியாவுக்குச் சுளுக்கு வழிக்கவில்லை.

ஊராருக்கு வழிப்பது பொய்தான். ஆனால் அது ஊரோடு போகிற பொய். இந்தப் பிள்ளையின் மேல் இரட்டை பெற்றவளாகக் கை வைப்பது வேறு. அது சாந்தாமணியின் பிணத்தின் மேல் கை வைத்து, இது என் வயிற்றில் பிறந்தது என்று சத்தியம் செய்வது போல. அந்தப் பொய்ச்சத்தியத்துக்குத் தெய்வம் கணக்குத் தீர்த்தால் அது தன் தலையில் விழாது, தொட்ட பிள்ளையின் தலையில் விழும் என்று அவள் பயந்தாள். மூடத்தனம்தான். ஆனால் பயம் யாரிடம் படித்துவிட்டு வருகிறது? தேவிப்ரியா சின்ன வயதில் எங்காவது சுளுக்கிக்கொண்டால் பள்ளிபாளையத்தில் நிஜமாகவே இரட்டை பெற்ற ஒருத்தியிடம் கூட்டிப்போவாள். கேட்டால், பெத்தவ கை பெத்த புள்ளைக்குப் பலிக்காது என்று ஒரு விதியைச் சொல்வாள். அந்த விதியை உண்டாக்கியதே அவள்தான்.

அவள் உண்டாக்கிய விதியை அவளே உடைத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிப் படித்துறையில் சௌந்தர்யா வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டாள். அந்தக் கூட்டத்தில், அந்த அழுகையில், உஷாராணிக்கு எதுவும் நினைவில்லை. பக்கத்தில் விளக்குப் போட வைத்திருந்தவர்களிடம் எண்ணெய் வாங்கி, ஈரப் படியிலேயே உட்கார்ந்து மகள் காலை மடியில் போட்டு வழித்தாள். வழித்து முடித்து நிமிர்ந்தபோதுதான், இரண்டு பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு தேவிப்ரியா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். தேவிப்ரியா செருப்பைக் கீழே வைத்தாள்.

தேவிப்ரியா படித்து முடித்ததும் சங்ககிரி போகிற வழியில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசை. மேலே துணி ஓடும். குனிந்து நின்றபடி இழை விட்ட இடம், கறை பட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். ஒரு வருடத்தில் கழுத்து பிடித்தது. அப்புறம் பின்னந்தலையில் தலைவலி. மத்தியானம் ஆனால் ஆரம்பித்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பாள், வீட்டுக்கு வந்ததும் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உஷாராணிக்கு அது அப்படி இல்லை. அந்தப் பிள்ளை துண்டைக் கட்டும்போதெல்லாம் இவளுக்கு இங்கே பின்னந்தலை விண்ணென்று தெறித்தது.

சாதாரணக் கழுத்து. தள்ளி நின்று பார்த்தாலே அவளுக்குத் தெரிந்தது. காதுக்குக் கீழே இறுகியிருக்கிறது, தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஒரு வாரம் எண்ணெய் போட்டு வழித்து, மேசை உயரத்தை மாற்றச் சொன்னால் முக்கால்வாசி இறங்கிவிடும். இதே மாதிரி நூறு கழுத்தை அவள் இறக்கியிருக்கிறாள். பள்ளிபாளையத்துக்காரி செத்துப்போயிருந்தாள். டாக்டரிடம் காட்டு என்றாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வேலையை மாற்று என்றார். வேலையை மாற்றுவது மாத்திரை மாற்றுவது போலவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவிப்ரியா கூட வேலை பார்க்கும் பெண்ணோடு சேலத்துக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே ஒருவர் கைரோபிராக்டிக் என்று போர்டு போட்டு, தலைவலி, கழுத்து வலிக்கு மருந்தில்லாமல் கையாலேயே வைத்தியம் செய்கிறாராம். போனில் அவர் வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறார்களாம். முறையாகப் படித்துச் செய்கிறவர்கள் இருக்கலாம். இவர் எங்கே படித்தார் என்று போனவர்கள் யாரும் கேட்கவில்லை. தேவிப்ரியா வந்ததும் வராததுமாக நடுவீட்டில் நின்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"எங்கழுத்துலயும் ஒருத்தரு கை வெச்சுட்டாரும்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வீடியோவையும் காட்டினாள். பிள்ளை மல்லாந்து படுத்திருக்கிறாள். அந்த ஆள் தாடையையும் பின்னந்தலையையும் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சடாரென்று முறுக்குகிறார். போனுக்குள்ளிருந்து 'மடக்' என்றது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட உஷாராணி செய்யத் துணியாத காரியம் அது. நல்லபடியாக இருக்கிறதே என்று சந்தோசப்படவும் முடியவில்லை. இனிமேல் போகாதே என்றாள்.

தேவிப்ரியாவின் சிரிப்பு நின்றது.

"செரி, போவல. நீ வழிச்சு உடு."

உஷாராணி போனைத் திருப்பி நீட்டினாள்.

"ஊரே உன்ற கைக்கு வருது. சௌந்தர்யாவுக்குப் படித்துறையில உக்காந்து வழிச்சயே, அவ நீ பெத்த புள்ள இல்லியா? எனக்கு மட்டும் என்னம்மா? நான் என்ன பண்ணுனேன்?"

சொல்லியிருக்கலாம். அந்த இடம்தான் சொல்ல வேண்டிய இடம். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாருமில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வாய்க்குச் சாவி எங்கே என்றே மறந்துபோயிருந்தது. அதோடு, பெற்றவள் இல்லை என்று தெரிந்தால் இந்தப் பிள்ளை தன்னை அம்மா என்று கூப்பிடுமா என்ற பயம், தெய்வத்தின் மேல் இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதைத் தேவிப்ரியாவும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. இரண்டாம் தடவை சேலத்துக்குப் போனாள். மூன்றாம் தடவையும் போனாள்.

மூன்றாம் தடவை போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பிடித்தாள். பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். பூமி சுற்றுகிறது என்றாள். பின்கழுத்தில் ஒரு பக்கமாகக் கத்தியால் கீறின மாதிரி வலிக்கிறது என்றாள். மயில்சாமி பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தார்.

வாந்தி, தலைச்சுற்று, புதுசாக ஒரு கழுத்து வலி. பலகையில் வந்து உட்கார்ந்தவர் வேறு யாராக இருந்தாலும் உஷாராணி அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் துரத்தியிருப்பாள். சுவாமிநாதனை அப்படித்தான் துரத்தினாள். வாந்தி எடுத்தேன் என்று அவர் சொன்னதுகூட அவளுக்கு நினைவு வந்தது. ஆனால் ஊரார் என்றால் வேலை செய்கிற அறிவு இந்தப் பிள்ளை என்றதும் நின்றுவிட்டது. கை வைக்காத கழுத்து என்ன சொல்கிறது என்று அவளுக்கு உறுதி இல்லை. ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினாள். பிள்ளையின் கழுத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் கை நின்றது. பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தேவிப்ரியா கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணும் வேண்டாம். என்னிய உடு, தூங்கறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கினால் சரியாகிவிடும் என்றார் மயில்சாமி. உஷாராணியும் அதை நம்ப விரும்பினாள், நம்பினாள்.

காலையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள் கையிலிருந்து சொம்பு விழுந்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போயிருந்தது. அம்மா என்று கூப்பிட்டாள், குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் பொறுமையான மனிதர். ஒரு காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். கழுத்தெலும்புகளுக்கு உள்ளே நுழைந்து மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றின் உள்சுவர் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து பின்மூளைக்கு வழி அடைபட்டுவிட்டது. கழுத்தை முறுக்கியதால் கிழிந்ததா, முன்பே கிழிந்திருந்து அந்த வலிக்காகத்தான் போய் முறுக்கிக்கொண்டாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இந்த வயதில் இது அபூர்வம், முறுக்கியதும் உடனே வந்திருக்கிறது என்றார். உயிருக்குப் பயமில்லை. விழுங்கவும் பேசவும் நடக்கவும் பழக வேண்டும், எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்வதற்கில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வாந்தி எடுத்த அன்றே கூட்டி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

மயில்சாமி ஒரு நாள் சேலத்துக்குப் போய்விட்டு வந்தார். போர்டு அப்படியே இருக்கிறது, வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்ம புள்ள ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பதினோராம் நாள். பெண்கள் வார்டு என்பதால் மயில்சாமி வெளியே மரத்தடியில் இருந்தார். தேவிப்ரியாவின் மூக்கில் குழாய், கழுத்தைச் சுற்றிப் பட்டை. சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். நினைவு தெளிவாக இருந்தது, பேச்சுத்தான் கரகரத்து, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சுச் செலவாகியது. சௌந்தர்யா ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் பந்தை வாங்கி வந்து தங்கையின் கையில் வைத்து அமுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள் ஆத்தூர்க்காரி, சின்னாயி என்று பேர். பதினோரு நாளாகத் தரையில் படுத்துப் படுத்து அன்று காலை அவளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. திரும்ப முடியாமல் பொம்மை போல நடந்துகொண்டிருந்தாள். சௌந்தர்யா நல்ல மனசுக்காரி. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா ரெட்டைப் புள்ள பெத்தவங்கக்கா. நாங்கதான் அந்த ரெட்டை. ஊர்ல அவங்கதான் எல்லாத்துக்கும் வழிச்சு உடுவாங்க."

சின்னாயிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தெய்வம்தான் பக்கத்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருக்கிறது என்றாள். மாமியாரின் தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை விலக்கிக்கொண்டு, உஷாராணிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

உஷாராணி அந்தக் கழுத்தைப் பார்த்தாள். சாதாரணப் பிடிப்பு. மூன்று தடவை வழித்தால் இறங்கிவிடும். நிமிர்ந்தபோது தேவிப்ரியா தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். இந்தக் கையை இப்போது இந்த முன்பின் தெரியாதவள் கழுத்தில் வைத்தால், அந்தப் பிள்ளை சாகிற வரைக்கும் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கும். வைக்காமல் இருந்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"என்னால முடியாதுங்க" என்றாள். "நான் ரெட்டை பெத்தவ இல்ல. எனக்குப் பொறந்தது ஒண்ணுதான்."

சௌந்தர்யா சிரித்தாள். தூக்கமில்லாமல் அம்மா உளறுகிறாள் என்று நினைத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சின்னாயி எதுவும் புரியாமல் தைலத்தை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துபோனாள். தேவிப்ரியா பந்தைக் கீழே விட்டுவிட்டு, நன்றாக இருந்த கையை மெதுவாகத் தூக்கித் தன் நெஞ்சின் மேல் வைத்தாள். பெறாத பிள்ளை நானா என்று கண்ணால் கேட்டாள்.

"ஆமா சாமி" என்றாள் உஷாராணி.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள்காமாலையில் செத்ததாகச் சொன்ன சித்தி, சாத்தின கதவு, வாசலில் நின்ற அப்பா சொன்ன ஒரு வார்த்தை, ஆரத்தித் தட்டோடு நின்ற பாட்டியின் கழுத்து. இருபத்திரண்டு வருடம் மறைத்து வைத்ததைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சௌந்தர்யா வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதாள். உஷாராணிக்கு அழுகை வரவில்லை.

"ஆசையில்லாம இல்ல கண்ணு. உம்மேலதான் எனக்கு உசுரு. எங்கை பொய்க்கை. பொய்யி பட்டு உனக்கு எதாச்சும் ஆயிருமோன்னு பயந்துட்டேன். அதனாலதான் உன்னத் தொடல."

தேவிப்ரியா மேலே ஓடுகிற விசிறியைப் பார்த்தாள். என்ன சொல்லுவாள் என்று உஷாராணி காத்திருந்தாள். நீ என் அம்மா இல்லை என்று சொல்லுவாள் என்றே எதிர்பார்த்தாள். அதற்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டும் இருந்தாள். உதடு அசைந்தது. காற்றுத்தான் வந்தது. கிட்டே குனிந்தாள். மறுபடியும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு வாங்கி, அந்தப் பிள்ளை சொன்னது.

"தொட்டிருக்கலாம்மா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தில் பட்டை, மூக்கில் குழாய், கையில் ஊசி. உஷாராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது எங்கே தொடலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.